காத்திருந்ததைத்தான் படமாக எடுத்தேன்: வாசகர் கேள்விகள், இயக்குநர் பதில்கள்

என் மூன்றாவது படம் வெளியாகி ஆறு வாரம் ஆகிறது. விமர்சனங்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். "பொறுமையைச் சோதிக்கும் படம்" என்பதுதான் அவற்றில் கொஞ்சம் மென்மையான வரி. படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். மூன்று ஏக்கர் குறுவை நெல் அறுத்த பெரியவர் ஒருவர், அதை அரசு நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, தன் முறை வரும்வரை பதினோரு ராத்திரி குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். நடுவில் மழை வருகிறது. அவ்வளவுதான் கதை. டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இதழ்க்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். திட்டி வந்தவற்றையும் அப்படியே அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

முதல் ஒரு மணி நேரம் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எல்லா விமர்சகரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அத்தனை பேரும் தவறாகவா சொல்வார்கள் சார்?
மன்னார்குடி வாசகர்

அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அலுத்தது, அது உண்மை. ஆனால் "ஒன்றும் நடக்கவில்லை" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். முதல் நாள் ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஒரு கை நெல்லைப் போடுகிறார்கள், 19 சதம் காட்டுகிறது. 17-க்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் மாநில அரசு கேட்டு, டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்து, தளர்வு கொடுத்தால்தான் உண்டு. சரி என்று பெரியவர் நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார், 'நறுக்'கென்று உடையவில்லை, நசுங்குகிறது. சாயங்காலம் மேகம் திரள, பரப்பியதை எல்லாம் மறுபடி குவிக்கிறார். அடுத்த நாள் அரை நாள் வெயில். அன்று 17-க்கு வந்துவிடுகிறது, ஆனால் சாக்கு இல்லை. அதற்கு அடுத்த நாள் சாக்கு வருகிறது, ஏற்கெனவே பிடித்த சிப்பங்களை, அதாவது நெல் மூட்டைகளை, ஏற்றிப்போக லாரி வரவில்லை, அடுக்க இடமில்லை, எடை போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அன்று ராத்திரி மழை. விடியற்காலை அவர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறார், உள்ளே சூடு. நனைந்த நெல் குவியலில் சூடு ஏறினால் அடுத்தது முளைதான். ஊசி முனை அளவுக்கு வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

110 நாள் பயிர் அது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, அடுத்த சில நாளில் கல்லணை திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகி, நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுத்து, வீட்டுக் காசெல்லாம் அதில் போட்ட பிறகு, ஒரு ராத்திரியில் கண்ணெதிரே அது கைவிட்டுப் போகிறது. இதைவிடப் பெரிதாக என்ன நடக்க வேண்டும்? ஒருவன் இன்னொருவனை வெட்டினால்தான் ஏதோ நடந்ததாக நினைக்க நாம் பழகிவிட்டோம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவோடு இப்படி ஒரு வாசலில் ஆறு ராத்திரி படுத்திருக்கிறேன். சாக்கை விரித்து, மேலே அம்மாவின் பழைய புடவை. ராத்திரி முழுக்க அப்பா தூங்கவில்லை. பேசவும் இல்லை. அந்த ஆறு ராத்திரியில் என்ன நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் படத்தை எடுத்தேன்.

குடும்பத்தோடு போனோம். நாலு டிக்கெட், வண்டி நிறுத்தக் காசு, பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று ஆயிரம் ரூபாய் ஆனது. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டோம். டிரெய்லரில் காட்டியது வேறு, படத்தில் இருந்தது வேறு. இது ஏமாற்று வேலை இல்லையா?
கும்பகோணம் வாசகி

ஆமாம்மா. இந்த ஒரு விஷயத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

டிரெய்லர் இரண்டு நிமிடம் சொச்சம். அதில் பெரியவரின் மகன் ஒருவனைச் சட்டையைப் பிடித்துத் தள்ளும் காட்சி மூன்று முறை வரும், பின்னணியில் பறை அதிரும், கடைசியில் "மண்ணுக்கான போர்" என்று எழுத்து விழும். படத்தில் அந்தத் தள்ளுமுள்ளு மொத்தமே பத்து நொடிதான். வெட்டிக் கொடுத்தது விளம்பர நிறுவனம், ஆனால் பார்த்துச் சரி என்று தலையாட்டியது நான். முதல் மூன்று நாளில் கூட்டம் வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை திரை கிடைக்காது என்றார்கள், அந்தப் பயத்தில் தலையாட்டினேன். சண்டைப் படம் என்று நம்பி வந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் இரண்டு மடங்கு நீளமாகத்தான் இருந்திருக்கும். உங்கள் கோபம் நியாயமானது.

நான் விவசாயி. விமர்சகர்கள் சொல்லாத ஒரு தப்பைச் சொல்கிறேன் தம்பி. குறுவை அறுவடை என்கிறீர்கள். ஆனால் பெரியவர் வரப்பில் நடந்து வரும்போது பின்னால் வயலில் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கிறது. புரட்டாசியில் ஏது உளுந்து?
நீடாமங்கலம் வாசகர்

ஐயா, நீங்கள் பிடித்ததை இதுவரை ஒருவரும் பிடிக்கவில்லை. நூறு சதம் தப்பு.

புரட்டாசியில் படப்பிடிப்பு என்றுதான் திட்டம். பணம் வரத் தாமதமாகி, எல்லாம் கூடி வந்தபோது தை பிறந்துவிட்டது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள், அறுத்ததும் தாளுக்கு இடையில் அது கிளம்பிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கிவைத்தால் வானம் மட்டும் விழும், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு ஷாட்டில் தவறிவிட்டது. நிறம் சரிசெய்யும்போது பெரிய திரையில் அந்தப் பச்சையைப் பார்த்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. எடுத்துவிட்டால் பெரியவர் ஊருக்குள் வரும் ஒரே காட்சி போய்விடும், அதனால் விட்டேன். சென்னையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று உதவியாளர் சொன்னார். யாருக்காகப் படம் எடுத்தேனோ அவர்களுக்குத் தெரியும் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தையில் எடுக்கிறோம் என்றதும் கதையையே சம்பாவுக்கு மாற்றியிருக்கலாம். தை மழையில் நனைந்த நெல்லும் இங்கே உண்டு. ஐப்பசி மழை வேண்டும் என்ற பிடிவாதத்தில் இருந்துவிட்டேன்.

எங்கள் கீழ்வேளூர் பக்கம்தான் கீழவெண்மணி. 1968-இல் கூலிக்காகப் போராடியவர்களின் குடும்பங்களில் 44 பேரை எரித்த மண். உங்கள் படத்தில் கூலி ஆட்கள் இரண்டு காட்சியில் வருகிறார்கள், பெண்கள் சோறு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நெல்லை விளைவித்தது அந்தப் பெரியவர் ஒருவர்தானா?
கீழ்வேளூர் வாசகி

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

இல்லை. அவர் ஒருவர் இல்லை. நாற்றுப் பறித்து முடி கட்டியது, நட்டது, களை எடுத்தது, கொள்முதல் நிலையத்தில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளித் தூற்றியது, எல்லாம் பெரும்பாலும் பெண்கள். சிப்பம் ஒன்று 40 கிலோ. அதை முதுகில் ஏற்றி லாரியில் அடுக்குகிறவருக்கும் மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை, அவரும் அந்த வாசலில்தான் காத்திருக்கிறார். அவர் காத்திருப்பதை நான் காட்டவில்லை. என் அப்பாவின் பக்கத்தில் படுத்திருந்தவன் என்பதால் அப்பா பார்த்த திசையையே பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

இன்னொன்றையும் நானே சொல்கிறேன். படத்துப் பெரியவருக்குச் சொந்த நிலம். குத்தகைக்கு உழுகிறவராக இருந்தால் நெல்லைப் போடச் சிட்டா, அடங்கல் என்ற நிலக் கணக்குத் தாள்களுக்கே நிலக்காரர் வீட்டுக்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும், பதினோரு ராத்திரி அவருக்கு இருபது ஆகியிருக்கும். திரைக்கதையின் முதல் வடிவத்தில் அவர் குத்தகைதாரராகத்தான் இருந்தார். பட்டா, குத்தகைப் பதிவு என்று விளக்கிக்கொண்டிருந்தால் நகரத்து ரசிகருக்குப் புரியாது என்று ஒரு கதை விவாதத்தில் சொன்னார்கள், மாற்றினேன். அன்று நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. விமர்சகர்கள் சொன்ன எதற்கும் நான் இவ்வளவு வருந்தவில்லை.

கஜா புயலை கிராபிக்ஸில் மூன்று நிமிடம் காட்டினீர்களே, அது எதற்கு? எங்கள் தோப்பில் விழுந்த மரங்களை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. தியேட்டரில் சிலர் விசில் அடித்தார்கள்.
பேராவூரணி வாசகர்

2018 நவம்பர் 16 விடிகாலையில் புயல் கரை கடந்தபோது நான் சென்னையில் இருந்தேன். நான்கு நாள் கழித்துத்தான் ஊர்ப்பக்கம் வந்தேன். பட்டுக்கோட்டையிலிருந்து உங்கள் ஊர்வரை தென்னைகள் ஒரே திசையில் தலையை வைத்துப் படுத்துக் கிடந்தன. ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து குருத்தைப் பிய்த்துப் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் படத்தில் வைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு மரங்கள் பறப்பதை வைத்தேன், அதுவும் மகனின் நினைவாக, கதைக்குத் தொடர்பே இல்லாத இடத்தில். படத்துக்கு ஒரு 'பிரம்மாண்டம்' வேண்டும் என்று கேட்டார்கள். விசில் வந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது உடம்பு கூசியது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்ற கேள்விகளுக்கும் இது சேரும். படம் மெதுவாகப் போகிறது என்று திட்டியவர்களின் விமர்சனங்களை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம் தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆட்கள் எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். நெல் குவியல் திரையில் இருக்கும்போது எடுப்பவர்கள் குறைவு. மகனின் காதல் 22 நிமிடம் வருகிறதே, அங்கேதான் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரிந்தது. புயல் முடிந்ததும் ஒரு முறை. அந்த டீக்கடை நகைச்சுவையில் ஒரு முறை. அதாவது படம் மெதுவாகத் தெரியக் கூடாது என்று நான் பயந்து சேர்த்த இடங்களில்தான் படம் நின்றுவிட்டது. காத்திருப்பதையே நம்பி எடுத்த பகுதிகளுக்காக நான் எந்த மேடையிலும் வாதாடுவேன். பயத்தில் சேர்த்தவற்றுக்காக வாதாட எனக்கு வாயில்லை.

2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்கள் ரசிகர் கருத்து எடுப்பதைத் தடுக்கச் சொன்னதே, உங்கள் படத்துக்கும் அந்த மைக்தான் எமன் என்கிறார்கள். தடை வேண்டுமா?
பட்டுக்கோட்டை வாசகர்

வேண்டாம். காசு கொடுத்துப் பார்த்தவர் வாசலில் நின்று நன்றாக இல்லை என்று சொல்ல உரிமை உண்டு. அறுவடைக்கு முன்னால் மழை பெய்யக் கூடாது என்று யாராவது உத்தரவு போட முடியுமா? ஆளைப் பற்றி, அவர் குடும்பத்தைப் பற்றி அசிங்கமாகப் பேசினால் அது வேறு. படத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் பேசலாம்.

எனக்கு இருக்கும் ஒரே குறை, படம் பார்க்காமலே பேசுவதுதான். இரண்டு விமர்சனங்களில் பெரியவர் தற்கொலை செய்துகொள்வதாக இருந்தது. படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. விவசாயி பற்றிய படம் என்றாலே கடைசியில் அவர் சாக வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவர் சாகமாட்டார் என்பதில்தான் நான் உறுதியாக இருந்தேன்.

'அன்பே சிவம்' 2003-இல் ஓடவில்லை, இன்று கொண்டாடுகிறார்கள். உங்கள் படத்தையும் இருபது வருடம் கழித்துக் கொண்டாடுவார்கள் அண்ணா. கவலைப்படாதீர்கள்.
திருவாரூர் கல்லூரி மாணவர்

தம்பி, அன்புக்கு நன்றி. ஆனால் இந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அப்படித் திரும்ப எழுந்த படம் ஒன்று என்றால், விழுந்தது விழுந்தபடியே மறந்துபோன படங்கள் நூறு இருக்கும், அவற்றின் இயக்குநர்களும் இதையே சொல்லித்தான் தங்களைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். இந்தியில் குரு தத் 1959-இல் 'காகஸ் கே பூல்' எடுத்தார், ஓடவில்லை. இன்று அதைப் பாடமாக நடத்துகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெயர் இயக்குநராக வேறு எந்தப் படத்திலும் வரவில்லை. பின்னால் வந்த புகழால் அவருக்கு என்ன ஆயிற்று? எனக்கு 2045 வேண்டாம். இப்போது படம் பார்த்த உங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்த படத்தைச் சரியாக எடுத்தால் போதும்.

பெரிய நடிகர் யாராவது நடித்திருந்தால் படம் தப்பித்திருக்குமே?
தஞ்சாவூர் வாசகர்

தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் பதினோரு ராத்திரி தரையில் படுத்திருந்தால், எப்போது எழுந்து அடிப்பார் என்றுதான் எல்லோரும் காத்திருப்பார்கள். நடித்தவர் கோயில் திருவிழாக்களில் முப்பது வருடம் நாடகம் போட்டவர். அவரை யாரும் குறை சொல்லவில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி.

பெரியவரின் கால்களை மட்டும் நான்கு நிமிடம் காட்டுகிறீர்கள். என் கணவர் தூங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்?
மயிலாடுதுறை வாசகி

நெல்லைப் பரப்பியதும் காலால் துழாவி விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பாதத்தைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே நடந்தால் ஏர் ஓட்டியது மாதிரி சால் சாலாக விழும், அடியில் இருக்கும் ஈரநெல் மேலே வரும். திரும்ப வரும்போது இந்தச் சாலுக்கும் அந்தச் சாலுக்கும் நடுவில் நடக்க வேண்டும். அதைத்தான் எடுத்தோம். கேமராவைத் தரையோடு வைத்துவிட்டு அவரை நடக்கச் சொன்னோம். ஒலியை அங்கேயே பதிவு செய்தோம், ஸ்டுடியோவில் சேர்த்தது எதுவும் கிடையாது. முதல் சாலில் சத்தம் மந்தமாக, ஈரத் துணியை இழுப்பது போல இருக்கும். வெயில் ஏற ஏற, நெல் காயக் காய, சலசலவென்று மாறும். கடைசிச் சாலில் நல்ல சத்தம் வரும்போது திரையின் ஓரத்தில் மேக நிழல் விழுகிறது. அவர் நிமிர்ந்து பார்ப்பதைக் காட்டவில்லை, கால் நிற்பதை மட்டும் காட்டினேன். அந்த நிழலுக்காக மூன்று நாள் காத்திருந்தோம். நடந்து நடந்து, நெல் சுணை பட்டு அவருடைய கணுக்கால் சிவந்துவிட்டது.

உங்கள் வீட்டில் யாரோ இப்படி நடந்திருப்பார்கள்மா. அந்தச் சத்தத்தைக் காது மறந்திருக்காது.

படம் வெளியான நான்காவது நாள் 14 நிமிடத்தை வெட்டிவிட்டார்களாமே? ஓடிடியில் எது வரும்?
வேதாரண்யம் வாசகர்

ஆமாம். தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டு வெட்டினார்கள். காதலிலோ புயலிலோ கை வைக்கவில்லை, அதற்குத்தான் செலவு அதிகம். போனது கால்கள் நெல்லைத் துழாவும் காட்சி, குவியலுக்குள் கையை விடும் காட்சி, ராத்திரியில் தார்ப்பாய் அடித்துக்கொள்வதைக் கேட்டபடி அவர் விழித்திருக்கும் காட்சி. தயாரிப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுத்தவர், தியேட்டர்காரர்கள் கேட்டதைச் செய்தார். மேலே எழுதிய மயிலாடுதுறை அம்மா முதல் மூன்று நாளுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் தயாரிப்பாளர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவர் சம்மதித்துவிட்டார். ஓடிடிக்குப் போகும் பிரதியில் அந்த 14 நிமிடமும் இருக்கும், புயலும் மகனின் காதலில் பாதியும் இருக்காது. உளுந்து முளைத்த வயல் மட்டும் அப்படியே இருக்கும், நீடாமங்கலம் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.